புத்தகப் பையோடு ஒரு துணையும்

எல்லாம் வல்ல இறைவனின் திருவருளால் இவ்வாண்டும் நம் ஆலயத்தில் கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சி இனிது நடந்தேறியது. சீருடை, காலணி, புத்தகப் பை, எழுதுபொருள் என்று உபயகாரர்களும் நன்கொடையாளர்களும் மனமுவந்து தந்தார்கள். அவர்கள் அனைவருக்கும் ஆலய நிர்வாகக் குழுவின் சார்பில் முதற்கண் நன்றி கூறிக்கொள்கிறேன்.

நன்றி கூறிய கையோடு ஒரு கேள்வியையும் அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன். நம்மிடம் பை வாங்கிச் சென்ற பிள்ளை, பள்ளி திறந்த மூன்றாவது வாரத்தில் எப்படி இருக்கிறது? ஓய்வு நேரத்தில் யாருடன் அமர்ந்து சாப்பிடுகிறது? ஒரு நாள் வராமல் போனால் அதைத் தேடுபவர் யாராவது உண்டா? இக்கேள்விகளுக்கு நம்மிடம் பதில் இல்லை. பை கொடுத்ததோடு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கடையில் காரைக் கழுவக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். கழுவிக்கொண்டிருந்த இளைஞன், "சார், என்னைத் தெரியுதா?" என்று கேட்டான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டில் என்னிடம் படித்தவன். நம் ஆலயத்தில் மூன்று முறை பை வாங்கியவன். படிவம் இரண்டிலேயே பள்ளியை விட்டு நின்றுவிட்டானாம். "ஏன் தம்பி?" என்று கேட்டேன். துணியைப் பிழிந்தபடியே சொன்னான்:

"போகவே பிடிக்கல சார். ரெண்டு வாரம் வீட்டுலயே இருந்தேன். மூனு கடிதம் வந்துச்சு. ஆளு யாரும் வரல."

பள்ளி தன் கடமையைச் செய்திருக்கிறது. விதிப்படி கடிதம் அனுப்பியிருக்கிறது. வராத ஆட்களில் நானும் ஒருவன். அவன் வீடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அன்று முதல், பதின்ம வயதுப் பிள்ளைக்குத் துணை என்பது என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்து வருகிறேன். அறிந்துகொண்டதை எளிய முறையில் இங்கே எடுத்துரைக்கிறேன்.

பதின்மூன்று வயதில் என்ன நேர்கிறது?

நம் நாட்டில் உள்ள 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளிலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். இந்த மாற்றம் வெளிப்பார்வைக்குச் சிறியது, பிள்ளைக்கோ பெரியது.

தமிழ்ப்பள்ளியில் அந்தப் பிள்ளை ஆறாம் ஆண்டு மாணவன், சிறுவர்களுக்கெல்லாம் அண்ணன். வகுப்பாசிரியருக்கு அவனை மட்டுமன்றி அவன் அப்பா எந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், பாட்டிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்பதும் தெரியும். இடைநிலைப்பள்ளியிலோ அவன் ஆயிரம் பேருக்கு மேற்பட்ட கூட்டத்தில் ஆகச் சிறியவன். ஒவ்வொரு பாடத்திற்கும் ஓர் ஆசிரியர் வருவார், போவார். பாடம் தேசிய மொழியில் நடக்கும். உடன் படித்த நண்பர்கள் வெவ்வேறு பள்ளிகளுக்கோ வெவ்வேறு வகுப்புகளுக்கோ பிரிந்திருப்பார்கள். என்னிடம் படித்தவர்களில் பலர் மொழித் தேர்ச்சி போதாமல் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்தார்கள். கூடப் படித்தவன் படிவம் ஒன்றில் இருக்க, தான் மட்டும் பின்தங்கிவிட்டோம் என்ற கூச்சம் அவர்களை வெகுநாள் வாட்டியதைக் கண்டிருக்கிறேன். மதிய வகுப்பு நடக்கும் பள்ளி என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. காலையில் பெற்றோர் வேலைக்குப் போன பிறகு பிள்ளை வீட்டில் தனியாக இருக்கும். பெற்றோர் திரும்பும் வேளையில் அது பள்ளியில் இருக்கும்.

இதே வயதில்தான் உடலும் மாறுகிறது. மூளையில் உணர்ச்சியைத் தூண்டும் பகுதிகள் முந்திக்கொண்டு விழிக்கின்றன. அவற்றை அடக்கி ஆளும் முன்மூளைப் பகுதி முழு வளர்ச்சி பெற இருபத்தைந்து வயதுவரைகூட ஆகலாம் என்கின்றனர் மருத்துவ அறிஞர்கள். ஆகவே ஒரு சிறு கேலிச் சொல்கூட அந்த வயதில் பெரும் காயமாகப் படுகிறது. "இதற்கெல்லாமா அழுவாய்?" என்று நாம் கேட்பது நம் ஐம்பது வயது மூளையை வைத்துக்கொண்டு கேட்பது.

நிலைமை எளிதாகவும் இல்லை. சுகாதார அமைச்சு 2022-இல் 13 முதல் 17 வயது வரையிலான இடைநிலைப்பள்ளி மாணவர்களிடையே நடத்திய தேசிய ஆய்வில் 26.9 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. 2017-இல் இது 18.3 விழுக்காடு. இவர்கள் எல்லாரும் நோயாளிகள் என்பது பொருளன்று. மாணவர்களே அளித்த விடைகளைக் கொண்டு கணக்கிட்டது இது. ஆயினும் நான்கு பிள்ளைகளில் ஒருவர் மனம் வாடியிருக்கிறார் என்றால், நம் தேவார வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

துணை நான்கு வகை

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஜேம்ஸ் ஹவுஸ் 1981-இல் வெளியிட்ட நூலில், ஒருவருக்கு மற்றவர் தரும் துணையை நான்காகப் பகுத்தார். வேலையிடத்து மன அழுத்தத்தைப் பற்றிச் சொல்ல வந்தவர் செய்த பகுப்பு அது. பின்னர் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளிலும் பயன்படலாயிற்று. நம் பேச்சில் அதை இப்படிச் சொல்லலாம்.

முதலாவது பொருள்துணை. பை, சீருடை, பேருந்துக் கட்டணம், டியூஷன் கட்டணம் ஆகியவை இதில் அடங்கும்.

இரண்டாவது தகவல்துணை. எந்தப் பாடத்தை எடுத்தால் எந்தத் துறைக்குப் போகலாம், உபகாரச் சம்பளத்திற்கு எங்கே விண்ணப்பிப்பது, பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பனவற்றை எடுத்துச் சொல்வது.

மூன்றாவது மனத்துணை. பிள்ளை பேசும்போது குறுக்கிடாமல் கேட்பது, வராதபோது தேடுவது, வென்றாலும் தோற்றாலும் நம் பிள்ளை என்று நடத்துவது.

நான்காவது மதிப்பீட்டுத் துணை. "நீ கணக்கில் போன மாதத்தைவிட முன்னேறியிருக்கிறாய், பின்னத்தில் மட்டும் இன்னும் தடுமாறுகிறாய்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, பிள்ளை தன்னைத் தானே அளந்துகொள்ள உதவுவது. வெறும் புகழ்ச்சி இதில் சேராது. வெறும் ஏச்சும் சேராது.

நம் ஆலயக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் முதல் வகைத் துணைதான் பக்கம் பக்கமாக இருக்கும். அது வேண்டியதே. காலணி இல்லாத பிள்ளையிடம் ஆறுதல் வார்த்தை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2023 முதல் அரசாங்கமும் பெற்றோரின் வருமானத்தைப் பாராமல் ஆரம்பப்பள்ளி, இடைநிலைப்பள்ளி மாணவர்க்குப் பள்ளித் தொடக்க உதவியாக 150 வெள்ளி வழங்கத் தொடங்கியது. ஆனால் எந்த அரசாங்கமும் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏம்மா, இரண்டு நாளாக உன்னைக் காணோமே?" என்று கேட்க முடியாது. அதைப் பக்கத்தில் இருப்பவர்தான் கேட்க வேண்டும்.

துணை எப்படி வேலை செய்கிறது?

ஷெல்டன் கோஹன், தாமஸ் வில்ஸ் என்னும் உளவியல் அறிஞர்கள் இருவர் அதுவரை நடந்த ஆய்வுகளை 1985-இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தனர். துணை இரண்டு வழிகளில் நன்மை செய்கிறது என்று அவர்கள் கண்டனர். ஒன்று, துன்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு கூட்டத்தில் தனக்கு இடம் உண்டு என்ற உணர்வே மனத்திற்கு நாள்தோறும் உரமாகிறது. இரண்டு, துன்பம் வரும்போது அந்த அடியின் வேகத்தைத் துணை தாங்கிக்கொள்கிறது. தேர்வில் தோற்ற இரண்டு பிள்ளைகளில், "போய்ச் சொல்ல ஆள் இருக்கிறது" என்ற நினைப்பு உள்ள பிள்ளைக்கு அது ஒரு தோல்வி மட்டுமே. அந்த நினைப்பு இல்லாத பிள்ளைக்கு அதுவே உலகத்தின் முடிவாகத் தோன்றலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எவ்வளவு உதவி கைக்கு வந்தது என்பதைக் காட்டிலும், "வேண்டும்போது எனக்கு ஆள் உண்டு" என்று பிள்ளை நம்புகிறதா என்பதே மனநலத்தோடு நெருங்கிய தொடர்புடையதாக ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரியவருகிறது. அந்த நம்பிக்கை ஒரே நாளில் மேடையில் வைத்துக் கொடுக்கக் கூடியதன்று. சிறு சிறு செயல்களால், தவறாமல் திரும்பத் திரும்பச் செய்வதால் வருவது. ஆண்டுக்கு ஒருமுறை நூறு வெள்ளி கொடுப்பவரை விட, வாரந்தோறும் ஐந்து நிமிடம் நின்று விசாரிப்பவரைப் பிள்ளையின் மனம் 'என் ஆள்' என்று குறித்துக்கொள்கிறது.

பெற்றோரா, ஆசிரியரா, நண்பரா?

பதின்ம வயதில் பிள்ளைக்கு நண்பர்கள் இருந்தால் போதும், பெரியவர்கள் வேண்டியதில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். ஆய்வுகள் அவ்வாறு சொல்லவில்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 பதின்ம வயதினரை ஆராய்ந்து 1997-இல் வெளியான அறிக்கை, பெற்றோரோடும் பள்ளியோடும் ஒட்டுறவு உள்ள பிள்ளைகளிடம் மன வேதனையும் வன்முறையும் போதைப் பழக்கமும் குறைவாக இருப்பதைக் காட்டியது. 2010-இல் வெளியான மற்றோர் ஆய்வு, பிள்ளைகளுக்குக் கிடைக்கும் துணையைப் பற்றிய முந்தைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தது. பலவகைத் துணைகளுள், ஆசிரியரும் பள்ளிப் பணியாளரும் தரும் துணையே பிள்ளைகளின் நலத்தோடு மிக நெருங்கிய தொடர்புடையதாக அதில் தெரிந்தது. ஆசிரியர் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிட அச்சமே மிகுதியாக வந்தது.

பெற்றோரால் முடியாத வீடுகளும் உண்டு. நோய், குடி, கடன், பிரிவு என்று எத்தனையோ காரணங்கள். அத்தகைய வீட்டுப் பிள்ளைகளின் கதி என்ன? ஹவாயில் உள்ள கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்தனர். அவர்களில் ஏறத்தாழ 200 பேர் வறுமையோடும் குடும்பச் சிக்கல்களோடும் வளர்ந்தவர்கள். ஆயினும் அந்த 200 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் பொறுப்பும் உள்ள பெரியவர்களாக உயர்ந்தார்கள். எப்படி என்று ஆராய்ந்தபோது, பிறவிக் குணம் போன்ற காரணங்களோடு மற்றொன்றும் தெரியவந்தது. அப்பிள்ளைகளுக்கு, தாய் தந்தையைத் தவிரவும் அக்கறை காட்டிய ஒரு பெரியவராவது இருந்தார். பாட்டியாக, சித்தியாக, ஆசிரியராக, வழிபாட்டு மன்றத்தைச் சேர்ந்த ஒருவராக அவர் இருந்தார். அந்தக் கடைசிச் சொற்றொடரை நம் ஆலயத்து அன்பர்கள் இன்னொரு முறை படிக்க வேண்டுகிறேன்.

திருவள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதற்கு அடுத்தபடியாகவே 'சிற்றினம் சேராமை' என்னும் அதிகாரத்தை வைத்தார். இரண்டும் 45-ஆவதும் 46-ஆவதுமாக ஒட்டி நிற்கின்றன. ஆட்சி செய்பவனுக்குச் சொன்னதாக இருந்தாலும், ஆசிரியனாக வேலை செய்தவனுக்கு அந்த வரிசையின் பொருள் நன்றாகவே புரியும். பெரியவரின் துணை கிடைக்காத பையனுக்குத் தெருமுனையில் வேறு ஒரு துணை காத்திருக்கிறது. அந்தக் கூட்டம் அவன் பெயரைக் கேட்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்கிறது. அடித்தவனை வந்து தட்டிக் கேட்கிறது. நாம் கொடுக்கத் தவறிய மனத்துணையைத்தான் அவர்கள் முதலில் கொடுக்கிறார்கள். விலையைப் பிறகு வாங்கிக்கொள்கிறார்கள்.

தோட்டத்தில் இருந்தது, அடுக்குமாடியில் குறைந்தது

நம் முன்னோர் தோட்டத்தில் பட்ட துன்பங்களை நான் மூடி மறைக்கவில்லை. குறைந்த கூலியும் நெருக்கடியான லயத்து வீடும் யாருக்கும் வேண்டாம். ஆனால் அங்கே ஒரு பிள்ளையைப் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். அம்மா பால் மரம் வெட்டப் போனால் ஆயாக் கொட்டகையில் ஓர் ஆயா இருந்தார். பள்ளிக்குப் போகாமல் சுற்றினால் எதிர் வீட்டு மாமா காதைத் திருகினார். மாரியம்மன் கோயில் திருவிழாவில் கரகத்திற்குப் பின்னால் ஓட ஒவ்வொரு பிள்ளைக்கும் இடம் இருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களாக மாறியும் போனபோது நம் மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். வருமானம் சற்று உயர்ந்தது; வீட்டில் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் வந்தன. ஆனால் அப்பாவுக்கு இரவு ஷிப்டு, அம்மாவுக்குக் காலை ஷிப்டு. பக்கத்து வீட்டில் இருப்பவர் பெயர் தெரியாது. அந்தத் துணை வலை அறுந்ததை நாம் யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் திட்டமிடாமல் அதை மீண்டும் பின்ன முடியாது.

பின்ன முடியும் என்பதற்குச் சான்றுகளும் உண்டு. 1982-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ முருகன் நிலையம், பாடத்தைத் தெய்வ நம்பிக்கையோடும் குடும்பத்தோடும் இணைத்தது. பத்துமலைக்குக் கல்வி யாத்திரை என்று பெற்றோரையும் பிள்ளைகளையும் சேர்த்து நடக்க வைத்தது. 1965-இல் அமைந்த மலேசிய இந்து சங்கம் நடத்திவரும் திருமுறை ஓதும் விழா, பிள்ளைகளுக்கு மேடை ஏற ஒரு வாய்ப்பையும் பயிற்சிக்காக வாரந்தோறும் கூட ஒரு காரணத்தையும் கொடுத்தது. மதிப்பெண்ணுக்கும் பரிசுக்கும் அப்பால், "இது என் கூட்டம்" என்ற உணர்வை இவை கொடுத்தன.

திலகவதியார் காட்டும் வழி

பெரிய புராணம் படித்தவர்களுக்குத் திலகவதியாரைத் தெரியும். தாயும் தந்தையும் மறைந்தனர். மணம் பேசிய கலிப்பகையார் போரில் மாண்டார். உயிர்விடத் துணிந்த அந்த அம்மையார், தம்பி மருள்நீக்கியார் கதறியதைக் கண்டு அவருக்காக உயிர் தாங்கினார். பின்னர் அந்தத் தம்பியே வேறு சமயம் நாடிப் போனார். அம்மையார் திருவதிகையில் தங்கித் திருத்தொண்டு செய்துகொண்டு, தம்பிக்காக வேண்டியபடி காத்திருந்தார்.

சூலை நோய் தாங்காமல் தம்பி ஓர் இரவில் வந்து காலில் விழுந்தபோது, "அன்றே சொன்னேனே, கேட்டாயா?" என்று அவர் கடிந்துகொண்டதாகச் சேக்கிழார் பாடவில்லை. திருநீறு கொடுத்து, விடியுமுன் கையோடு கோயிலுக்கு அழைத்துப் போனார். உலகுக்குத் திருநாவுக்கரசர் கிடைத்தார்.

பதின்ம வயதுப் பிள்ளைக்கு வேண்டியது இதுதான். வழி தவறினாலும் திரும்பி வர ஒரு வாசல் திறந்திருக்கிறது என்ற உறுதி. திரும்பி வந்த அன்று கணக்குக் கேட்காத ஒரு முகம்.

கொடுக்கும் முறையும் முக்கியம்

இப்போது சொல்லப் போவது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். பிள்ளைகளை மேடைக்கு அழைத்து, பெயர் சொல்லி, பையைக் கையில் கொடுத்துப் படம் பிடித்து மலரில் போடுகிறோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது மகிழ்ச்சி. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது வேறு. மறுநாள் பள்ளியில், "உன் படத்தைப் பார்த்தேன், இலவசப் பையா?" என்று ஒருவன் கேட்டால் போதும். சென்ற ஆண்டுகளின் மலர்களில் அத்தகைய படங்களில் நானும் சிரித்தபடி நிற்கிறேன்.

நையல் போல்ஜர் என்னும் உளவியல் அறிஞரும் அவர் குழுவினரும் நியூயார்க்கில் வழக்கறிஞர் தேர்வுக்குத் தயாரானவர்களையும் அவர்களின் துணைவர்களையும் ஆராய்ந்து 2000-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். உதவி பெறுகிறோம் என்று பெறுபவர் உணராதபடி செய்யப்பட்ட உதவியே மனச்சுமையை நன்றாகக் குறைத்தது. வெளிப்படையான உதவி சில வேளை, "நான் முடியாதவன்" என்ற எண்ணத்தையும் உடன் கொண்டு வந்தது. எனக்கு ஆள் உண்டு என்ற நம்பிக்கை பிள்ளைக்கு உரம். நான் பிறர் கையை எதிர்பார்ப்பவன் என்ற கூச்சம் நஞ்சு. முன்னதைக் கொடுத்துப் பின்னதைத் தவிர்ப்பதே கொடுக்கும் கலை. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இதுவே.

ஆகவே இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குரிய உதவியைப் பெற்றோரிடம் அமைதியாகக் கொடுத்துவிடலாம் என்பது என் பணிவான கருத்து. நன்கொடையாளர் பெயர்களை மலரில் தாராளமாக அச்சிடுவோம். வாங்கிய பிள்ளையின் முகம் வேண்டாம்.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய கட்டடமும் பெரிய தொகையும் இதற்குத் தேவையில்லை. என் யோசனைகளை வரிசையாகத் தருகிறேன்.

படிவம் ஒன்றுக்கும் புகுமுக வகுப்புக்கும் போகும் பிள்ளைகள் நால்வருக்கு அல்லது ஐவருக்கு ஒரு பெரியவர் என்று ஆலயத்தில் பொறுப்பேற்கலாம். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் பிரசாதம் வாங்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் விசாரித்தால் போதும். முதல் மூன்று மாதங்களில் ஒரு வாரமும் தவறக் கூடாது. பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை என்று தெரிந்தால், பெற்றோரிடம் சொல்லிவிட்டு இருவர் வீட்டுக்குச் செல்ல வேண்டும். கடிதத்திற்கு முன்னால் ஆள் போய்ச் சேர வேண்டும்.

அதே பள்ளியில் படிவம் நான்கிலும் ஐந்திலும் படிக்கும் நம் பிள்ளைகளை அண்ணனாகவும் அக்காவாகவும் நியமிக்கலாம். அலுவலகம் எங்கே, சிற்றுண்டிச்சாலையில் எந்த வரிசை, எந்தப் பேருந்து, கேலி செய்பவன் வந்தால் எந்த ஆசிரியரிடம் சொல்வது என்பனவெல்லாம் நமக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். துணை கொடுப்பதால் அந்த மூத்த பிள்ளைகளுக்கும் பொறுப்பு வருகிறது.

பள்ளிக் கடிதங்களையும் கைப்பேசிக் குழுவில் வரும் அறிவிப்புகளையும் படித்துச் சொல்ல மாதம் இருமுறை ஆலயத்தில் ஒரு மேசை போடலாம். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார் பலருக்குத் தேசிய மொழியில் பேச வரும், வாசிக்க வராது. பதில் அனுப்பாத பெற்றோர் அக்கறை இல்லாதவர் என்று பள்ளி நினைத்துக்கொள்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தால் இக்குறை தீரும்.

பிள்ளைகளுக்கு ஆலயத்தில் வேலை கொடுக்கலாம். அன்னதானத்தில் பரிமாறவும், காலணிகளை வரிசைப்படுத்தவும், ஒலிபெருக்கியைக் கவனிக்கவும், சிறுவர்களுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுக்கவும் அவர்களால் முடியும். வாங்குபவனாக மட்டும் வந்து போகும் பிள்ளைக்கு ஆலயம் சொந்தமாவதில்லை. தான் வராவிட்டால் ஒரு வேலை நின்றுபோகும் என்று தெரிந்த பிள்ளை தவறாமல் வரும்.

வீட்டில் பெற்றோர் கேட்கும் கேள்வியையும் சற்று மாற்றலாம். "எத்தனை மார்க்?" என்று கேட்டால் பதில் ஓர் எண்ணோடு முடிந்துவிடும். "இன்றைக்கு யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். நாள்தோறும் "யாரோடும் இல்லை" என்று பதில் வந்தால், மார்க் குறைவதற்கு முன்பே உங்களுக்குச் செய்தி கிடைத்துவிட்டது.

காப்பும் எல்லையும்

பிள்ளைகளோடு பழகும் பணிக்கு விதிகள் வேண்டும். பெற்றோரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இருக்க வேண்டும். சந்திப்பு ஆலய மண்டபத்தில், பலர் பார்க்கும்படி நடக்க வேண்டும். எந்தப் பெரியவரும், நிர்வாகக் குழுவினரே ஆனாலும், பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது. இரவில் கைப்பேசியில் தனியே செய்தி அனுப்பக் கூடாது. நல்லவர்களை ஐயுறுவதற்காக இவ்விதிகள் இல்லை. ஒரு தவறுகூட நேராமல் காப்பதற்காகவே இவை. பிள்ளை சொன்ன வீட்டு விவகாரத்தை மற்றவரிடம் பேசுவதும் கூடாது. யாராவது தன்னைத் துன்புறுத்துவதாகப் பிள்ளை சொன்னால் மட்டும் அதை மறைக்காமல் உரியவர்களிடம் உடனே தெரிவிக்க வேண்டும். மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் 15999 என்னும் எண் இதற்காகவே உள்ளது.

நாம் மருத்துவர்கள் அல்லர் என்பதும் நினைவில் இருக்கட்டும். இரண்டு வாரத்திற்கு மேல் தொடரும் வாட்டம், தூக்கமின்மை, விரும்பிய விளையாட்டிலும் நாட்டம் இழத்தல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், "நான் இல்லாவிட்டால் நன்றாக இருக்கும்" போன்ற பேச்சு ஆகியவற்றைக் கண்டால் அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கோ பெற்றோருடன் அழைத்துச் செல்ல வேண்டும். மனநல உதவிக்கு 15555 என்னும் எண்ணும் உண்டு. "செத்துப் போகலாம் போல் இருக்கிறதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் பிள்ளையின் மனத்தில் புகுந்துவிடாது. கேட்க ஓர் ஆள் வந்ததே என்ற நிம்மதிதான் பெரும்பாலும் பிறக்கும். வேண்டுதலும் அர்ச்சனையும் மருந்தோடு சேர்ந்து நடக்கட்டும். மருந்துக்குப் பதிலாக வேண்டாம்.

அன்பர்களே, அடுத்த ஆண்டும் பை கொடுப்போம். நல்ல பையாகவே கொடுப்போம். அதனோடு, அந்தப் பையைச் சுமக்கும் பிள்ளையைப் பெயர் சொல்லி விசாரிக்க ஓர் ஆளையும் கொடுப்போம். நன்கொடைப் பாரத்தில் தொகை எழுதும் இடத்திற்குக் கீழே இவ்வாண்டு ஒரு புதிய வரி அச்சாகியிருக்கிறது: 'வாரம் ஐந்து நிமிடம் தர இயலுமா?' பணம் தர இயலாத அன்பரும் அந்த வரியில் கையெழுத்திடலாம். முதல் கையெழுத்து என்னுடையது.

கார் கழுவும் கடையில் நான் கண்ட அந்த இளைஞன் இப்போது இரவு வகுப்புக்குப் போகிறான். எஸ்.பி.எம். தேர்வைத் தனியார் மாணவனாக எழுத எண்ணியிருக்கிறான். தேறுவானா என்று தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் ஆலயத்திற்கு வருகிறான். வராத வாரத்தில் நான் அவன் வீட்டுக்குப் போகிறேன்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இறைவன் திருவருளும் நல்லோர் துணையும் கூடி நிற்க வேண்டிக்கொள்கிறேன்.

வாழ்க நம் பிள்ளைகள்! வளர்க அறப்பணி!